குர்குமின் தண்ணீரில் கரைகிறது, ஆனால் கால்மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. எங்கே தப்பு?

எம்ஃபார்ம்_இறுதியாண்டு

எல்லோருக்கும் வணக்கம். மருந்தாக்கவியலில் எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் ப்ராஜெக்ட், மஞ்சளுக்கு நிறம் கொடுக்கிற குர்குமின் என்ற சத்தின் கரைதிறனைக் கூட்டுவது. 95 சதவீத குர்குமினாய்டு பொடி வாங்கி, பிவிபி பாலிமரோடு ஒன்றுக்கு நான்கு என்ற எடையில் எத்தனாலில் கரைத்து, சூடான காற்றில் தூவலாகத் தெளிக்கிற ஸ்ப்ரே ட்ரையரில் விட்டுக் காயவைத்து எடுத்தேன். வாங்கின பொடியை அப்படியே தண்ணீரில் போட்டால் மேலே மிதக்கும், பீக்கரின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு கலக்கினாலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். நான் செய்த பொடியைப் போட்டதும் தண்ணீர் முழுக்கச் சட்டென்று மஞ்சளாகிவிட்டது. அன்று ராத்திரி சரியாகத் தூங்கவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

பிரச்சினை, மருந்து எவ்வளவு, எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று அளக்கிற டிசல்யூஷன் டெஸ்டில். 50 மி.கி. குர்குமினுக்குச் சமமான பொடி, 900 மி.லி. பாஸ்பேட் பஃபர், பிஎச் 7.4, 37 டிகிரி, துடுப்பு நிமிடத்துக்கு 75 சுற்று. கரைந்த அளவு பதினைந்தாவது நிமிடத்தில் உச்சத்துக்குப் போகிறது, அப்புறம் சரிந்துகொண்டே வந்து ஒரு மணி நேரத்தில் பாதிக்கும் கீழே. மூன்று முறை செய்துவிட்டேன், மூன்றும் ஒரே மாதிரி. 0.45 மைக்ரான் நைலான் வடிகட்டியில் வடித்து, 425 நானோமீட்டரில் யூவியில் படிக்கிறேன். பாலிமரை மாற்றிப் பார் என்கிறார் என் கைடு. சமர்ப்பிக்க இரண்டரை மாதம்தான் இருக்கிறது. பாலிமரை மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

உருவாக்கக்கூடம்

தம்பி, பாலிமரைத் தொடாதே, கொஞ்சம் பொறு. பதினான்கு வருடமாக மாத்திரை உருவாக்கும் பிரிவில் இருக்கிறேன், இந்த மாதிரி ஏறி இறங்கும் கோட்டை நிறையப் பார்த்தாகிவிட்டது. கோடு விழுவதற்கு உன் விஷயத்தில் இரண்டு காரணம் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. எது என்று தெரியாமல் பாலிமர் மாற்றினால் இன்னொரு இரண்டரை மாதம் போய்விடும்.

முதல் காரணம், கரைந்தது திரும்பப் படிகமாகிக் கீழே விழுவது. கற்கண்டையும் பஞ்சு மிட்டாயையும் நினைத்துக்கொள். இரண்டும் சர்க்கரைதான். கற்கண்டில் மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கி இறுகிக் கிடக்கின்றன, நாக்கில் போட்டால் நேரமாகும். பஞ்சு மிட்டாயில் அந்த அடுக்கு கலைந்திருக்கிறது, வைத்ததும் போய்விடும். ஸ்ப்ரே ட்ரையரில் நீ குர்குமினுக்குச் செய்தது அதைத்தான். பாலிமருக்கு நடுவே அது அடுக்கு கலைந்து சிதறிக் கிடக்கிறது, அதனால் தண்ணீரில் அதன் இயல்பான அளவைத் தாண்டிக் கரைகிறது. அளவைத் தாண்டி நிற்பது எதுவும் ரொம்ப நேரம் நிற்காது. பாலிமர் பிடித்து வைக்கிற வரைக்கும் நிற்கும், பிடி விட்டால் படிகமாக விழும்.

இரண்டாவது காரணம், குர்குமின் உடைந்தே போவது. உன் கோட்டில் எனக்கு இதன்மேல்தான் அதிகச் சந்தேகம், ஏனென்றால் நீ எடுத்திருப்பது பிஎச் 7.4. 37 டிகிரியில் பிஎச் 7.2 பாஸ்பேட் பஃபரில் வைத்த குர்குமினில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அரை மணி நேரத்தில் சிதைந்துவிடுகிறது என்று 1997லேயே அளந்து எழுதிவிட்டார்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பாகிறது பார், அது காரம் பட்ட குர்குமின். காரத்தில் அது ஹைட்ரஜனை இழந்து மின்னூட்டம் பெறுகிறது, அதனால் நன்றாகக் கரையவும் செய்கிறது. ஆனால் அந்த நிலையில்தான் வேகமாக உடைகிறது. உன் பஃபர் ஆரத்தி அளவுக்குக் காரம் இல்லை, ஆனால் போகிற வழி அதுதான்.

எது என்று கண்டுபிடிப்பது ஒரு நாள் வேலை. அதே டெஸ்டைப் பிஎச் 1.2இல் செய், அமிலத்தில் குர்குமின் அவ்வளவாக உடையாது. அங்கேயும் கோடு விழுந்தால் படிகம். அங்கே நின்று 7.4இல் மட்டும் விழுந்தால் சிதைவு. யூவியை நம்பாதே, கலவையில் உள்ளதைப் பிரித்துத் தனித்தனியாக அளக்கிற எச்பிஎல்சியில் போடு, உடைந்த துண்டுகள் தனித்தனிச் சிகரமாக வந்து நிற்கும். அப்புறம் டெஸ்ட் முடிந்ததும் பாத்திரத்தின் அடியைக் குனிந்து பார், மஞ்சள் வண்டல் இருக்கிறதா? இருந்தால் ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வை.

வடிகட்டியையும் கவனி. 0.45 மைக்ரான் என்றால் 450 நானோமீட்டர். 200 நானோமீட்டரில் கரையாத துகள் மிதந்துகொண்டிருந்தால் அது தாராளமாக உள்ளே போய்விடும், நீ அதையும் கரைந்தது என்று எழுதுவாய். போதாததற்கு நைலான் குர்குமினைப் பிடித்துக்கொள்ளும். அளவு தெரிந்த கரைசல் ஒன்றை வடித்து, வடிப்பதற்கு முன்னும் பின்னும் படித்துப் பார்.

எம்ஃபார்ம்_இறுதியாண்டு

அண்ணா, ரொம்ப நன்றி. வண்டலைப் பற்றி யோசிக்கவே இல்லை, டெஸ்ட் முடிந்ததும் கழுவி ஊற்றிவிட்டேன். திங்கட்கிழமை பிஎச் 1.2 செய்கிறேன். எச்பிஎல்சி வேறு துறையில் இருக்கிறது, நேரம் கேட்டு வாங்க வேண்டும்.

மஞ்சள்காடு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஈரோட்டுப் பக்கம், மூன்று தலைமுறையாக மஞ்சள் போடுகிற குடும்பம். கிழங்கு வேகவைக்கிற புகையில் வளர்ந்தவன். எங்கள் அப்பாவுக்கு மூட்டு வலிக்கு யாரோ சொல்லி, மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் கேப்ஸ்யூல் வாங்கிச் சாப்பிடுகிறார். டப்பாவில் உட்கிரகிப்பு 2000 சதவீதம் அதிகம் என்று போட்டிருக்கிறது. மிளகு சேர்த்தால் மஞ்சள் கரையுமா? வீட்டில் விளைகிற மஞ்சளைச் சாப்பிட்டால் போதாதா?

உருவாக்கக்கூடம்

நல்ல கேள்வி, குறுக்கே வந்ததாக நினைக்க வேண்டாம். மிளகு குர்குமினைக் கரைக்காது. அந்த 2000 சதவீதம் 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்த ஆய்விலிருந்து வருகிறது. 2 கிராம் குர்குமினோடு மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் 20 மி.கி. கொடுத்தார்கள். குடல் சுவரிலும் கல்லீரலிலும் குர்குமினோடு ஒரு சர்க்கரை அமிலத்தை ஒட்டி அதை வெளியேற்றுகிற வேலை நடக்கிறது. பைப்பரின் அந்த வேலையைத் தடுக்கிறது, அதனால் இரத்தத்தில் குர்குமின் கூடுதலாகத் தெரிகிறது. ஆனால் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் இருந்தது அளக்கவே முடியாத அளவு, இருபது மடங்கு என்பது அதிலிருந்து எண்ணியது.

உங்கள் அப்பா விஷயத்தில் எனக்குக் கவலை வேறு இடத்தில். பைப்பரின் தடுப்பது குர்குமினை வெளியேற்றும் வேலையை மட்டும் இல்லை. வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிடாயின், இரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கிற ப்ரோப்ரனலால், மூச்சிரைப்புக்கான தியோஃபிலின், இவற்றின் அளவும் இரத்தத்தில் கூடியதாக ஆய்வுகள் இருக்கின்றன. ரசத்தில் போடுகிற மிளகைச் சொல்லவில்லை, அடர்த்தியாகப் பிரித்தெடுத்த சத்தைத் தினமும் விழுங்குவதைச் சொல்கிறேன். 2019இல் இத்தாலியில் மஞ்சள் சத்து மாத்திரை சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது, அங்கே அரசே எச்சரிக்கை கொடுத்தது. அப்பா வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் டப்பாவோடு மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் மஞ்சளாகப் போனாலோ பசி விட்டுப்போனாலோ உடனே நிறுத்திவிட்டுப் போய்க் காட்டுங்கள்.

மஞ்சள்காடு

ப்ரோப்ரனலால் சாப்பிடுகிறார். நாளைக்கே கூட்டிப் போகிறேன். நன்றிங்க.

நெல்லை_சித்தமருத்துவர்

இந்த இடத்தில் நானும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் முறையில் மருந்து என்றால் அதோடு அனுபானமும் சேர்ந்ததுதான். நெய்யில் கொடு, தேனில் கொடு, பாலில் கொடு என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகு பாதி மருந்துகளில் இருக்கிறது. எண்ணெயில் கரைவதை நெய்யில் கொடுப்பதும், மிளகையும் திப்பிலியையும் கூடவே வைப்பதும் காரணம் தெரிந்தே செய்தது என்று நான் நம்புகிறேன். நவீன ஆய்வுக்கூடத்தில் நீங்கள் தனி மூலக்கூறாகப் பிரித்துவிட்டு, பிறகு அது கரையவில்லை என்று கஷ்டப்படுகிறீர்கள். நிலவேம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் சரியாகக் கரையாது என்று புத்தகம் சொல்கிறது. குடிநீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள், அரை மணி நேரம் நாக்கிலிருந்து கசப்பு போகாது. கரையாமல் எப்படிக் கசக்கும்?

உருவாக்கக்கூடம்

ஐயா, வணக்கம். நெய்யும் பாலும் பற்றி நீங்கள் சொல்வதை முழுக்க ஏற்கிறேன். பாலில் உள்ள கேசின் குர்குமினைப் பிடித்து வைக்கும், கொழுப்பு சாப்பிட்டால் பித்தம் சுரக்கும், பித்த உப்பு சோப்பு மாதிரி அதைக் குடலில் தூக்கிக்கொண்டு போகும். கொதிக்க வைத்துக் குறுக்குகிற குடிநீரிலும், கூட இருக்கிற மற்ற சத்துகள் கரையாததைக் கொஞ்சம் சேர்த்து இழுக்கும்.

கசப்பு பற்றி மட்டும் மாறுபடுகிறேன். நாக்கு கசப்பை மிகக் குறைந்த அளவிலேயே கண்டுபிடித்துவிடும். குடிநீர் கசக்கிறது என்றால் ஆண்ட்ரோகிராஃபோலைடு இறங்கியிருக்கிறது என்று தெரிகிறது, எவ்வளவு என்று தெரியாது. அந்த எவ்வளவு என்பதில்தான் மருந்தின் அளவு இருக்கிறது. வைத்தியசாலைக்கு வைத்தியசாலை, கொதிக்க விட்ட நேரத்துக்கு நேரம் அது மாறும். அந்த அளவைக் கையில் பிடிக்கத்தான் நாங்கள் தனியாகப் பிரிக்கிறோம்.

நெல்லை_சித்தமருத்துவர்

அளவு மாறும் என்பது உண்மை, மறுக்கவில்லை. எங்கள் மாணவர்களிடம் எட்டில் ஒன்றாகக் குறுக்கு என்றால் ஆளுக்கு ஒரு கணக்கில் இறக்கி வைக்கிறார்கள்.

இரவுப்பணி_செவிலி

புற்றுநோய்ப் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை. வேதியியல் எனக்குத் தெரியாது, ஆனால் கரையாத மருந்தைக் கரைத்தால் என்ன ஆகும் என்பதைத் தினமும் கண்ணால் பார்க்கிறேன். பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து. அதுவும் ஒரு மரப்பட்டையிலிருந்து வந்தது என்று படித்திருக்கிறேன். குப்பியைச் சாய்த்தால் சுவரில் எண்ணெய் மாதிரி மெதுவாக வழியும், குலுக்கினால் நுரை கட்டும், அதனால் குலுக்கவே விடமாட்டோம். சாதாரண பிவிசி பையில் ஏற்றக்கூடாது, கண்ணாடி பாட்டிலில்தான். ட்யூபும் தனி, நடுவில் 0.22 மைக்ரான் வடிகட்டி. மருந்து ஏறுவதற்கு முன்பே டெக்ஸாமெத்தசோன், ஒவ்வாமை வராமல் தடுக்கிற ஊசி எல்லாம் போட்டிருக்க வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு முதல் பத்து நிமிடம் கட்டில் பக்கத்திலேயே நிற்பேன். ஒருமுறை நாலாவது நிமிடத்தில் ஓர் அம்மாவுக்கு முகம் சிவந்து, நெஞ்சை அடைக்கிறது என்று என் கையைப் பிடித்தார். நிறுத்தி ஆக்சிஜன் வைத்து, கால்மணியில் சரியானார். டாக்டர் அப்புறம் சொன்னார், இது பெரும்பாலும் மருந்தால் வருவது இல்லை, அதைக் கரைத்து வைத்திருக்கிற திரவத்தால் வருவது என்று. அன்றிலிருந்து அது என்ன திரவம் என்று தெரிந்துகொள்ள ஆசை.

வேதியியல்_வாத்தியார்

அம்மா, அது ஆமணக்கெண்ணெய். நம் ஊர் ஆமணக்கெண்ணெயையே எத்திலீன் ஆக்சைடோடு வினைபுரிய வைத்து, தண்ணீரோடு சேர்கிற மாதிரி மாற்றியிருக்கிறார்கள், க்ரெமஃபோர் என்று பெயர். பாதி அது, பாதி சாராயம். ஒரு மி.லி.யில் மருந்து 6 மி.கி., க்ரெமஃபோர் 527 மி.கி. உங்கள் நோயாளிக்கு 300 மி.கி. மருந்து ஏற்ற வேண்டும் என்றால் 50 மி.லி., அதாவது 26 கிராமுக்கு மேல் க்ரெமஃபோர் நரம்புக்குள் போகிறது. மருந்தைப்போல எண்பது மடங்குக்கும் மேல். பிவிசி பையில் ஏற்றக்கூடாது என்பதற்கும் அதுதான் காரணம், பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கிற பொருளை அது கரைத்து இழுத்துவிடும்.

பசிபிக் யூ மரத்துப் பட்டையிலிருந்து பாக்லிடாக்சலைப் பிரித்து, அமெரிக்காவில் வால், வானி என்ற இரண்டு வேதியியலாளர்கள் அதன் அமைப்பை 1971இல் வெளியிட்டார்கள், மருந்தாக அனுமதி கிடைத்தது 1992இல். அந்த இருபது வருடத்தில் பெரிய முட்டுக்கட்டைகளில் ஒன்று கரையாமை. 2005இல் இன்னொரு வடிவம் வந்தது, நம் இரத்தத்தில் இருக்கிற ஆல்புமின் புரதத்தோடு சேர்த்து 130 நானோமீட்டர் அளவுத் துகளாக. க்ரெமஃபோர் இல்லை. மூன்று மணி நேரம் ஏற்றுவதை அரை மணியில் ஏற்றலாம்.

இரவுப்பணி_செவிலி

அதையும் ஏற்றியிருக்கிறேன், பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். விலையைக் கேட்டுவிட்டுப் பழையதே போதும் என்று சொல்கிறவர்கள்தான் எங்களிடம் அதிகம். 26 கிராம் என்று இப்போதுதான் தெரிகிறது. இனி புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இந்தக் கணக்கையும் சொல்வேன்.

வேதியியல்_வாத்தியார்

தம்பிக்காக இன்னொரு கதை, இது கரைதிறனுக்காக மருந்தையே இழந்த கதை. அதே வாலும் வானியும் 1966இல் சீன மரம் ஒன்றிலிருந்து காம்ப்டோதெசின் என்ற பொருளைக் கண்டார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற நோதாபோடைட்டிஸ் மரத்திலும் அது உண்டு. புற்றுக்கு எதிராக அருமையாக வேலை செய்தது, ஆனால் கரையவில்லை. அதில் ஒரு லாக்டோன் வளையம் இருக்கிறது. காரத்தில் அந்த வளையத்தைத் திறந்து சோடியம் உப்பாக்கினால் தண்ணீரில் நன்றாகக் கரையும். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த உப்பை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை, ஏனென்றால் வேலை செய்வதே அந்த மூடிய வளையம்தான். போதாததற்குச் சிறுநீரின் அமிலத்தில் வளையம் திரும்ப மூடிக்கொண்டு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கி இரத்தம் போக வைத்தது. திட்டத்தையே கைவிட்டார்கள். பிறகு வளையத்தைத் தொடாமல், மூலக்கூறின் மறுமுனையில் அமீன் என்ற நைட்ரஜன் தொகுதியை ஒட்டி டோபோடெகான், இரினோடெகான் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகளைச் செய்தார்கள், 1996இல் அமெரிக்காவில் அனுமதி. முப்பது வருடம். மூலக்கூறில் எந்த இடத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் கரைத்ததற்குக் கொடுத்த விலை அது.

சரியாகச் செய்த உதாரணமும் உண்டு. மாசிபத்திரி இனத்துச் செடியிலிருந்து 1972இல் சீன விஞ்ஞானி தூ யூயூவின் குழு பிரித்த ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்தும் தண்ணீரில் கரையாது. அதைச் சற்று மாற்றிச் சக்சினிக் அமிலத்தை ஒட்டினால் ஆர்ட்டிசுனேட். 60 மி.கி. தூள் குப்பியில், பக்கத்தில் சோடா உப்புக் கரைசல் ஆம்பியூல். ஊற்றிக் குலுக்கினால் முதலில் கலங்கி, பிறகு தெளியும், தெளிந்ததும் உடனே போட்டுவிட வேண்டும், கரைத்து வைத்துவிட்டுப் போகக்கூடாது. கரைசலில் நிலையில்லை என்று தெரிந்துகொண்டு, கரைப்பதைக் கட்டில் பக்கத்துக்கே தள்ளிவிட்டார்கள், அதுதான் கெட்டிக்காரத்தனம். இந்தியா, வங்கதேசம், மியான்மர், இந்தோனேசியாவில் கடும் மலேரியா வந்த 1,461 பேரிடம் செய்து 2005இல் வெளியான ஆய்வில் குயினைன் போட்டவர்களில் 22 சதவீதம் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் போட்டவர்களில் 15 சதவீதம்.

எம்ஃபார்ம்_இறுதியாண்டு

ஐயா, இதையெல்லாம் வகுப்பில் இப்படிக் கேட்டதில்லை. ஒரு சந்தேகம், மருந்து மூலக்கூறைக் கிண்ணம் மாதிரி உள்ளே வைத்துக்கொள்கிற சைக்ளோடெக்ஸ்ட்ரினுக்கு மாறிவிடலாமா? கரைதிறன் பத்தாயிரம் மடங்கு கூடியதாகப் படித்தேன்.

உருவாக்கக்கூடம்

கூடும், அது பிஎச் 5இல் அளந்தது, சரியான அளவீடுதான். ஆனால் எதிலிருந்து பத்தாயிரம் மடங்கு? அந்த பிஎச்சில் குர்குமின் கரைவது ஒரு மி.லி.க்கு 11 நானோகிராம் அளவில். பத்தாயிரம் மடங்கு என்றாலும் மி.லி.க்கு 0.1 மி.கி. பக்கம்தான் வரும். இன்னொரு கணக்கும் போடு. குர்குமின் மூலக்கூறு எடை 368, பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் 1135, ஒரு குர்குமினுக்கு இரண்டு கிண்ணம் தேவைப்பட்டால் 500 மி.கி. குர்குமினுக்கு 3 கிராம் சைக்ளோடெக்ஸ்ட்ரின். உன்னுடைய இப்போதைய பொடிக்கும் இதே கணக்கைப் போட்டுத் தீசிஸில் எழுது, யாரும் எழுதுவதில்லை. 500 மி.கி.க்கு ஒன்றுக்கு நான்கு என்றால் 2.5 கிராம் பொடி. ஸ்ப்ரே ட்ரை பொடி பஞ்சு மாதிரி இருக்கும், பெரிய டபுள் ஜீரோ கேப்ஸ்யூலில் கால் கிராம் போனால் பெரிது. ஒரு வேளைக்குப் பத்து கேப்ஸ்யூல். யார் விழுங்குவார்கள்?

மருந்தை உள்ளே அடைக்கிற நுண்ணிய உருண்டைகளான லைப்போசோம், மைசெல் எல்லாம் கேட்பாய், அவற்றிலும் ஒரு விஷயத்தை மட்டும் பார்த்துக்கொள். உட்கிரகிப்பு 185 மடங்கு என்று போட்டிருக்கும், இரத்த மாதிரியில் நொதி சேர்த்து, ஒட்டின சர்க்கரையையெல்லாம் பிரித்துவிட்டு அளந்த மொத்தக் குர்குமின் அது. உடல் வெளியேற்றத் தயாராக வைத்திருந்ததையும் சேர்த்து எண்ணியது.

இன்னொன்று, யாராவது நரம்பில் ஏற்றுகிற குர்குமின் என்று சொன்னால் விலகி நில்லுங்கள் எல்லோரும். 2017இல் அமெரிக்காவில் அப்படி ஏற்றியதில் ஒருவர் இறந்தார். அதைக் கரைக்கப் போட்ட ஆமணக்கெண்ணெய்ப் பொருள் மருந்துத் தரத்தில் இல்லை, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது என்று அந்நாட்டு மருந்துத் துறை சொன்னது. குப்பியில் எழுதியிருந்த அளவில் மிகச் சிறு பங்குதான் குர்குமின் இருந்ததாம்.

எம்ஃபார்ம்_இறுதியாண்டு

எட்டு நாள் கழித்து வருகிறேன், முடிவு கிடைத்துவிட்டது. பிஎச் 1.2இல் இரண்டு மணி நேரமும் கோடு மிக மெதுவாகத்தான் இறங்கியது. 7.4 மாதிரியை எச்பிஎல்சியில் போட்டதில் குர்குமின் சிகரம் ஒவ்வொரு ஊசிக்கும் குட்டையாகிக்கொண்டே போக, முன்னால் சின்னச் சின்னதாகப் புதுச் சிகரங்கள் முளைத்தன. பாத்திரத்தின் அடியில் வண்டல் கிட்டத்தட்ட இல்லை. அண்ணா சொன்னதுதான், உடைந்துகொண்டிருந்தது. நைலான் வடிகட்டியும் தெரிந்த கரைசலில் பத்து சதவீதத்துக்கு மேல் பிடித்து வைத்துக்கொண்டது. மூன்று மாதம் அந்த வடிகட்டியில்தான் எல்லாவற்றையும் படித்தேன். கைடிடம் வரைபடத்தைக் காட்டினேன், பேசாமல் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பாலிமர் இருக்கட்டும் என்றார்.

உருவாக்கக்கூடம்

சபாஷ். இனி 7.4ஐ விடு, சாப்பிடாத வயிற்றுச் சிறுகுடல் நீர் மாதிரி பித்த உப்பும் லெசிதினும் சேர்த்துப் பிஎச் 6.5இல் செய். அங்கே சிதைவு மெதுவாகும், பித்த உப்பும் கொஞ்சம் காப்பாற்றும். வடிகட்டுவதற்குப் பதில் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி மேல் தெளிவை எடு. பாலிமரைக் கூட்டுவதற்குப் பதில் விகிதத்தை ஒன்றுக்கு இரண்டாக இறக்கிப் பார், கேப்ஸ்யூல் எண்ணிக்கை குறையும். அப்புறம் பஞ்சு மிட்டாயை மறந்துவிடாதே. பிவிபி ஈரத்தை இழுக்கும். பொடி கெடாமல் நிற்கிறதா என்று பார்க்க 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் எப்படி வைத்திருக்கிறாய்?

எம்ஃபார்ம்_இறுதியாண்டு

இரண்டு விதமாக வைத்திருக்கிறேன். ஒன்று திறந்த குப்பியில், ஒன்று சிலிக்கா பொட்டலத்தோடு அலுமினியப் பையில் ஒட்டி. இன்று ஒரு மாதம் முடிந்து எடுத்தேன். பையில் இருந்தது கொட்டினால் மாவு மாதிரி விழுகிறது. திறந்த குப்பியில் இருந்தது அடியில் கட்டியாக இறுகி, நிறம் கொஞ்சம் கருத்து, கரண்டியால் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது. படிகமாகியிருக்கிறதா என்று எக்ஸ்ரே வைத்துப் பார்க்கிற எக்ஸ்ஆர்டிக்கு வியாழக்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் போட்டுவிட்டு வரைபடத்தை இங்கே ஏற்றுகிறேன்.

மஞ்சள்காடு

அப்பாவைக் காட்டிவிட்டோம். கேப்ஸ்யூலை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர், கல்லீரல் டெஸ்ட் நார்மல். தம்பி, உங்கள் ப்ராஜெக்டுக்கு எங்கள் காட்டு மஞ்சள் வேண்டும் என்றால் சொல்லுங்கள், இந்த வருடக் கிழங்கு ஐந்து கிலோ அனுப்பி வைக்கிறேன்.